ஸ்லோவேனியாவில் தனியாகக் கார் பயணம்: கேள்வி பதில்

ஸ்லோவேனியாவைத் தனியாகக் காரில் சுற்றிவர விரும்புவோரின் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். காரில் இருவர் இருந்தால் ஒருவர் ஓட்டுவார், மற்றவர் வேடிக்கை பார்ப்பார், வழியும் சொல்வார். தனியாகச் செல்பவரின் கண்கள் சாலையை விட்டு விலகக் கூடாது. அவர் வண்டியை நிறுத்தினால்தான் எதையும் பார்க்க முடியும். எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம் என்பதைவிட எங்கெங்கே நிறுத்தலாம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அந்த எண்ணத்திலிருந்தே எழுதப்பட்டவை.

கேள்வி (சென்னை): நாடு மிகச் சிறியது என்கிறார்கள். மூன்று நாட்களில் முழுவதும் பார்த்துவிட முடியாதா?

பரப்பளவு 20,271 சதுர கிலோமீட்டர், மக்கள்தொகை ஏறத்தாழ 21 லட்சம். நெடுஞ்சாலையில் தலைநகர் லூப்லியானாவிலிருந்து கடற்கரை நகரான கோப்பர் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான தொலைவு. கிழக்கே மாரிபோர் ஒன்றரை மணி நேரம். வரைபடத்தில் இதைப் பார்ப்பவர்கள் காலையில் மலை, மாலையில் கடல் என்று திட்டமிட்டுவிடுகிறார்கள். ஆனால் இந்த நாட்டின் அழகு நெடுஞ்சாலையில் இல்லை. வடமேற்கு மலைகளில் கிராஞ்ஸ்கா கோராவிலிருந்து வர்ஷிச் கணவாய் வழியாக போவெட்ஸ் செல்லும் சாலை 50 கி.மீ.கூட இல்லை. எங்கும் நிற்காமல் ஓட்டினாலும் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாது. நின்று பார்த்தால் ஒரு முழுப் பகல் போய்விடும்.

எட்டு முதல் பத்து நாட்கள் இருந்தால் பொஹின் ஏரிக்கரையில் மூன்று இரவு, சோச்சா ஆற்றுப் பள்ளத்தாக்கில் மூன்று இரவு, தென்மேற்கில் குகைகளுக்கும் கடற்கரைக்கும் இரண்டு இரவு, மிச்சத்தை லூப்லியானாவில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஐந்து நாள்தான் விடுப்பு என்றால் கடற்கரையைத் தயங்காமல் விட்டுவிடலாம். மொத்தக் கடற்கரையே 50 கி.மீ.க்கும் குறைவு. அதைவிட நீண்ட, அமைதியான கடற்கரை வேறு பல நாடுகளில் கிடைக்கும். சோச்சா பள்ளத்தாக்கைப் போன்ற இன்னோர் இடம் எளிதில் கிடைக்காது.

கேள்வி (திருச்சி): இந்திய ஓட்டுநர் உரிமம் செல்லுமா? விசாவுக்கு என்ன வேண்டும்?

உங்கள் அசல் உரிமத்துடன் ஆர்.டி.ஓ. அலுவலகம் வழங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வைத்திருங்கள். அது ஓராண்டு செல்லும். கார் வாடகைக்குத் தருபவர்கள் இரண்டையும் சேர்த்தே கேட்பார்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் ஒரே விசா செல்லும் ஷெங்கன் பகுதியில் ஸ்லோவேனியா 2007 டிசம்பர் முதல் இருக்கிறது. ஆகவே ஷெங்கன் விசாவும், குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடும் தேவை. எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறீர்களோ அந்த நாட்டின் தூதரகத்துக்கே விண்ணப்பிக்க வேண்டும்.

கேள்வி (சிங்கப்பூர்): வெனிஸில் இறங்கி அங்கேயே கார் எடுப்பது நல்லதா, லூப்லியானாவில் எடுப்பதா?

விமானச் சீட்டு வெனிஸுக்கு மலிவாக இருக்கலாம். ஆனாலும் பேருந்திலோ ரயிலிலோ ஸ்லோவேனியாவுக்குள் வந்து அங்கே கார் எடுப்பதையே பரிந்துரைக்கிறேன். வேறொரு நாட்டில் எடுத்த காரை எல்லை தாண்டி ஓட்ட வாடகை நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். பெரும்பாலும் அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. உள்நாட்டில் பதிவான வாடகைக் காருக்கு நெடுஞ்சாலைச் சுங்கம் வழக்கமாக ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கும். சாவி வாங்கும்போது கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தனியாகச் செல்பவர் கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு. ஆட்டோமேட்டிக் கார் வேண்டுமென்றால் முன்கூட்டியே அதைக் குறிப்பிட்டுப் பதிவு செய்யுங்கள். அங்கே கியர் கார்களே இன்னும் மிகுதி. வலப்பக்கச் சாலையில் முதன்முறையாக ஓட்டுபவர் வலக்கையால் கியர் மாற்றவும் சேர்த்துப் பழக வேண்டியிருப்பது தேவையற்ற சுமை. அடுத்தது காப்பீடு. அடிப்படைக் காப்பீட்டில் ஒரு குறிப்பிட்ட தொகை வரையிலான சேதத்தை நீங்களே ஏற்க வேண்டும். அந்தத் தொகை உங்கள் கிரெடிட் கார்டில் முடக்கி வைக்கப்படும். குறுகிய மலைச் சாலைகளில் கண்ணாடி உரசுவதும் சக்கரம் கல்லில் இடிப்பதும் எளிதில் நடக்கக்கூடியவை என்பதால், சக்கரத்தையும் கண்ணாடியையும் உள்ளடக்கிய முழுக் காப்பீட்டுக்குப் பணம் கொடுப்பது வீண் செலவாகாது. காரை எடுக்கும்போது நான்கு பக்கமும், சக்கரங்களின் விளிம்பும் தெரியும்படி காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கம் சாட்சி சொல்ல வேறு யாரும் காரில் இல்லை.

கேள்வி (மியூனிக்): நான் என் சொந்தக் காரில் வருகிறேன். சுங்கம் எப்படிக் கட்டுவது?

ஆஸ்திரியாவுக்குத் தனி, ஸ்லோவேனியாவுக்குத் தனி. ஸ்லோவேனியாவில் கண்ணாடியில் ஒட்டும் வில்லைகள் போய், 2022 முதல் வண்டி எண்ணுடன் இணைந்த மின்னணு வின்யெட் (சுங்கச் சீட்டு) முறை வந்துவிட்டது. காருக்கான ஒரு வாரக் கட்டணம் ஏறத்தாழ 16 யூரோ. நெடுஞ்சாலை நிறுவனமான தார்ஸின் சொந்தத் தளத்திலோ எல்லையோரப் பெட்ரோல் பங்குகளிலோ வாங்குங்கள். இடைத்தரகர் தளங்கள் கூடுதலாக வசூலிக்கின்றன. வின்யெட் இல்லாமல் பிடிபட்டால் அபராதம் குறைந்தது 300 யூரோ. வண்டி எண்ணை ஓர் எழுத்துத் தவறாகப் பதிந்தாலும் சிக்கல் வரும். ஆஸ்திரியாவையும் ஸ்லோவேனியாவையும் இணைக்கும், ஏறத்தாழ 8 கி.மீ. நீளமுள்ள கராவாங்கே சுரங்கப்பாதைக்கு இதற்கு மேலும் கட்டணம் உண்டு.

மலைப்பகுதிக்கு மட்டும் செல்கிறீர்கள் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. ஆஸ்திரியாவின் வில்லாக் நகரிலிருந்து 1,073 மீட்டர் உயர வூர்ட்ஸன் கணவாயில் ஏறி இறங்கினால் நேராகக் கிராஞ்ஸ்கா கோரா அருகே வந்துவிடுவீர்கள். சரிவு சில இடங்களில் 18 சதவீதம் வரை இருக்கும். இழுவை வண்டியுடன் வருபவர்களுக்கு இது ஆகாது. அங்கிருந்து வர்ஷிச், சோச்சா, பொஹின் எல்லாவற்றையும் சாதாரணச் சாலைகளிலேயே பார்த்துவிடலாம். அவற்றுக்கு வின்யெட் தேவையில்லை.

கேள்வி (சேலம்): வர்ஷிச் கணவாயில் 50 கொண்டை ஊசி வளைவுகள் என்று படித்தேன். கொல்லிமலையின் 70 வளைவுகளில் பலமுறை ஓட்டியிருக்கிறேன். பயப்பட வேண்டுமா?

கொல்லிமலையில் ஓட்டிய கைக்கு வளைவுகள் புதிதல்ல. அங்கே வேறுபடுபவை வேறு சில. நீங்கள் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறீர்கள். ஆகவே உங்களுக்குக் குறுகலாக அமையும் வளைவு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறிவிடுகிறது. சைக்கிளில் ஏறுபவர்களும் மோட்டார் சைக்கிள்களும் கோடையில் ஏராளம். வளைவில் ஹாரன் அடித்துச் செல்வது அங்கே வழக்கமில்லை. எதிரே வருபவர் ஹாரனை எதிர்பார்த்து ஓட்டுவதில்லை. நீங்களும் அதை நம்ப வேண்டாம்.

கிராஞ்ஸ்கா கோரா பக்கம் 24 வளைவுகள், போவெட்ஸை நோக்கி இறங்கும் திரென்டா பக்கம் 26, கணவாயின் உச்சி 1,611 மீட்டர். ஒவ்வொரு வளைவிலும் அதன் எண்ணையும் அந்த இடத்தின் உயரத்தையும் எழுதிய பலகை நிற்கிறது. ஏறும் வடக்குப் பக்கத்தில் நேர்ச் சாலை தார் போட்டது. வளைவுகளிலோ கையடக்கக் கற்கள் நெருக்கமாகப் பாவப்பட்டிருக்கின்றன. மழை பெய்தால் அந்தக் கற்கள் வழுக்கும். இரண்டாவது கியரில் சீராக ஏறுங்கள், வளைவுக்குள் நுழைந்த பின் பிரேக் போடாதீர்கள். இறங்கும்போதும் கியரின் பிடியிலேயே இறங்கி, பிரேக்கைக் காப்பாற்றுங்கள். காலை எட்டு மணிக்கு முன் ஏறிவிட்டால் உச்சியில் வண்டி நிறுத்த இடமும் கிடைக்கும்.

எட்டாவது வளைவின் அருகே கட்டாயம் நிறுத்துங்கள். இந்தச் சாலையை முதல் உலகப் போரின்போது ஆஸ்திரிய-ஹங்கேரியப் படை, ரஷ்யப் போர்க் கைதிகளைக் கொண்டு போட்டது. மலைக்கு அப்பால் இத்தாலியுடன் நடந்த போருக்குத் தளவாடம் கொண்டுசெல்ல ஒரு வழி தேவைப்பட்டது. 1916 மார்ச்சில் பனிச்சரிவு ஒன்று கைதிகளையும் காவலர்களையும் மூடிவிட்டது. உயிர் தப்பிய கைதிகள் இறந்த தோழர்களின் நினைவாகக் கட்டிய சிறு மரக் கோயில் அங்கே நிற்கிறது; வெங்காய வடிவக் கோபுரங்கள், சுற்றிலும் ஊசியிலை மரங்கள். சாலையிலிருந்து படியேறிச் சில நிமிடங்களில் போய்விடலாம். தாங்கள் ஓட்டிவந்த சாலையை யார் போட்டார்கள் என்று அறியாமலே பெரும்பாலான கார்கள் அந்த வளைவைக் கடந்துவிடுகின்றன. அது எனக்கு ஒவ்வொரு முறையும் வருத்தம் தரும்.

கேள்வி (கோயம்புத்தூர்): அக்கா, தனியாகச் செல்லும் பெண்ணுக்கு இந்த நாடு பாதுகாப்பானதா? வீட்டில் அம்மா மிகவும் கவலைப்படுகிறார்.

மனிதர்களைப் பொறுத்தவரை, தனியாகப் பயணிக்கும் பெண்ணாக நான் அறிந்த நாடுகளில் மிக நிம்மதியானவற்றுள் இது ஒன்று. மாலையில் உணவகத்தில் தனியே அமர்ந்தால் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. தனியாக வந்தீர்களா என்று துருவிக் கேட்பதும் இல்லை. நடைபாதை தொடங்கும் இடங்களில் நிறுத்திய கார்களில் பை வெளியே தெரியும்படி வைக்காமல் இருந்தால் போதும்.

உண்மையில் கவனம் வேண்டியது இயற்கையிடம். கோடையில் பிற்பகல் இடிமழை மலையில் சட்டென்று வரும். நடை செல்வதானால் விடியலில் கிளம்பி நண்பகலுக்குள் இறங்கிவிடுங்கள். 2,864 மீட்டர் உயர திரிக்லாவ் சிகரத்துக்கு வழிகாட்டி இல்லாமல் தனியாகப் போகாதீர்கள். புல்லிலும் புதரிலும் உண்ணி கடிப்பதால் மூளைக்காய்ச்சல் பரவும் நாடு இது. முழுக்கால் உடை அணியுங்கள், மாலையில் முழங்கால் மடிப்பையும் அக்குளையும் சோதித்துப் பாருங்கள். நீண்ட நாள் மலையில் தங்குவதானால் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பள்ளத்தாக்குகளில் கைப்பேசி இணைப்பு விட்டுவிட்டுத்தான் கிடைக்கும் என்பதால் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்று எந்த வழியில் போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று தங்குமிடத்தில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். மருத்துவ உதவிக்கும் மலை மீட்புக்கும் 112, காவல்துறைக்கு 113, வண்டி பழுதானால் அங்குள்ள வாகனச் சங்கத்தின் 1987. இந்த மூன்று எண்களையும் அம்மாவிடமும் எழுதிக் கொடுத்துவிடுங்கள், தங்கையே. அவருக்குச் சற்று ஆறுதலாக இருக்கும்.

கேள்வி (பெங்களூரு): பொஹினிலிருந்து சோச்சா பக்கம் போகக் காரையே ரயிலில் ஏற்றலாம் என்பது உண்மையா?

உண்மை. தனியாக ஓட்டுபவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பரிந்துரை இதுதான். பொஹின்ஸ்கா பிஸ்திரித்சா நிலையத்தில் மேடையிலிருந்து நேராகத் திறந்த சரக்குத் தளத்தில் காரை ஓட்டி ஏற்ற வேண்டும். ஊழியர் கைகாட்டுவார். முன்னுள்ள வண்டிக்குப் பின்னால் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, கியரில் விட்டு, காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கலாம். ரயில் கிளம்பிய சிறிது நேரத்தில் 6.3 கி.மீ. நீளச் சுரங்கத்துக்குள் நுழையும். குளிர்ந்த, ஈரமான இருட்டு. கார் ஓடாமலே குலுங்கிக்கொண்டு முன்னேறும் அந்த உணர்வுக்கு முதலில் மனம் பழக வேண்டும். வெளியே வந்ததும் பாச்சா ஆற்றின் பச்சைச் சரிவுகள் இரு பக்கமும் வரும். ஸ்டீயரிங்கைத் தொடாமல், வேண்டிய மட்டும் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே மோஸ்ட் ந சோச்சி வரை போகலாம். பயணம் முழுவதிலும் உங்கள் சொந்தக் காரில் நீங்கள் பயணியாக இருக்கும் நேரம் இது ஒன்றுதான். மலையைச் சுற்றிச் செல்லும் சாலையைவிட இது விரைவும்கூட.

இந்த இருப்புப்பாதையை 1906-ல் திறந்துவைத்தவர் இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட். எட்டு ஆண்டுகள் கழித்து அவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து மூண்ட போர் இதே பள்ளத்தாக்குக்கு வந்தது. பராமரிப்புப் பணிக்காகச் சில மாதங்கள் சேவை நிறுத்தப்படுவதுண்டு. கால அட்டவணையை ஸ்லோவேனிய ரயில்வே தளத்தில் கிளம்புவதற்கு முந்தைய வாரம் பாருங்கள்.

கேள்வி (மதுரை): நான் வரலாற்று ஆசிரியர். சோச்சா பள்ளத்தாக்கில் போரின் தடயங்களை எங்கே பார்க்கலாம்?

ஐயா, உங்களுக்காகவே கொபாரிட் என்ற சிற்றூர் இருக்கிறது. 1915 மே மாதத்திலிருந்து 1917 அக்டோபர் வரை இந்த ஆற்றின் கரைகளில் இத்தாலியும் ஆஸ்திரியா-ஹங்கேரியும் பன்னிரண்டு பெரும் சண்டைகள் போட்டன. முதல் பதினொன்றில் லட்சக்கணக்கானோர் மாண்டும் காயமுற்றும் போர்முனை சில கிலோமீட்டர்களே நகர்ந்தது. பன்னிரண்டாவது, 1917 அக்டோபர் 24-ல் கொபாரிட் அருகே ஜெர்மானியப் படையும் சேர்ந்து, நச்சு வாயுவுடன் தொடுத்த தாக்குதல். இத்தாலியப் படை தன் நாட்டுக்குள் இருக்கும் பியாவே ஆறு வரை பின்வாங்கியது. இத்தாலிய மொழியில் கபொரெட்டோ என்ற அந்த ஊர்ப்பெயர் இன்றும் பெருந்தோல்வியைக் குறிக்கப் பயன்படுகிறது.

ஊரின் நடுவே உள்ள அருங்காட்சியகம் 1993-ல் ஐரோப்பிய மன்றத்தின் விருதைப் பெற்றது. வெற்றி பெற்ற தளபதிகளைவிட, பனியிலும் பாறையிலும் கிடந்த சாதாரணச் சிப்பாய்களே அங்கே முதன்மை. மேலே புனித அந்தோனியார் கோயிலைச் சுற்றி 1938-ல் எழுப்பிய நினைவிடத்தில் 7,014 இத்தாலிய வீரர்களின் எலும்புகள் வைக்கப்பட்டிருக்கின்றன. காரை ஊரிலேயே விட்டுவிட்டு, இத்தாலியப் பதுங்குகுழிகள், ஆற்றின் மேல் தொங்குபாலம், கோஸ்யாக் அருவி என்று சுற்றிவரும் நடைபாதையை எடுங்கள். நிதானமாக அரைநாள் ஆகும். காலையில் எலும்புகளுக்கு முன் நின்றுவிட்டுப் பிற்பகலில் அந்த மரகத நிற நீரைப் பார்க்கும்போது மனம் எளிதில் ஒன்றுபடாது. அதற்காகவே அந்த ஊரில் ஓர் இரவு தங்கச் சொல்கிறேன்.

கேள்வி (கொழும்பு): பிளெட் ஏரியைப் பற்றி நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லையே?

பாருங்கள், ஆனால் அங்கே தங்க வேண்டாம். தீவுக் கோயிலும் பாறைமேல் கோட்டையும் படங்களில் காண்பது போலவே அழகு. கோடையில் காலை பத்து மணிக்கு மேல் வண்டி நிறுத்த இடம் தேடுவதிலேயே மனநிறைவு போய்விடும். விடியலில் போய், மேற்குக் கரையில் உள்ள ஓஸ்திரித்சா குன்றில் ஏறிப் பார்த்துவிட்டு, இறங்கி வந்து அவ்வூர்க் கிரீம் கேக்கைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். 1893-ல் பார்வையாளர்களுக்குத் திறந்த, 1.6 கி.மீ. நீள வின்ட்கர் மலையிடுக்கு அருகில்தான். அரை மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலான ஓட்டத்தில் பொஹின் ஏரி வந்துவிடும். அது பெரியது, கரையில் கட்டடங்கள் குறைவு, நீந்தலாம்.

கேள்வி (ஈரோடு): போஸ்தொய்னா, ஷ்கோட்சியான் இரண்டு குகைகளில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது.

ஷ்கோட்சியான். போஸ்தொய்னாவுக்குள் 1872-லிருந்து தண்டவாளம் இருக்கிறது. சிறு ரயிலில் அமர்ந்து சுண்ணாம்புத் தூண்களிடையே செல்வது குழந்தைகளுடன் வருபவர்களுக்கு மிகவும் ஏற்றது. 1986-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஷ்கோட்சியானில் நடந்துதான் செல்ல வேண்டும். ரேக்கா என்ற ஆறு மலைக்குள் புகுந்து மறையும் இடம் அது. ஏறத்தாழ 45 மீட்டர் ஆழத்தில் அந்த ஆறு இரைந்தோட, மேலே பாலத்தைக் கடக்கும்போது நிலத்தடியில் இவ்வளவு வெளி இருக்கிறதா என்று வியப்பீர்கள். உள்ளே ஆண்டு முழுவதும் 12 பாகை அளவுக் குளிர், படிகள் நூற்றுக்கணக்கில். முழங்கால் வலி உள்ளவர்கள் மட்டும் போஸ்தொய்னாவைத் தேர்ந்தெடுக்கலாம்.

கேள்வி (கும்பகோணம்): சைவ உணவு கிடைக்குமா? காரிலேயே தூங்கிச் செலவைக் குறைக்கலாமா?

பாலாடைக்கட்டி வைத்து வேகவைத்த ஷ்ட்ருக்லி என்ற மாவுச் சுருள், காளான் சூப், காட்டுக்கோதுமைக் களி ஆகியவை எங்கும் உண்டு. களியின் மேல் பன்றிக்கொழுப்புத் துணுக்குகளைத் தூவுவது வழக்கம். யோதா என்ற புளித்த முட்டைக்கோஸ் குழம்பிலும் பெரும்பாலும் இறைச்சி இருக்கும். "ப்ரெஸ் மேசா" என்று சொல்லுங்கள், இறைச்சி இல்லாமல் தருவார்கள். ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் சட்டப்படி மூடியிருக்கும். சனிக்கிழமையே ரொட்டியும் பழமும் வாங்கி வையுங்கள். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். குடிநீர் உரிமையை 2016-ல் அரசியலமைப்பிலேயே எழுதிய நாடு இது.

திரிக்லாவ் தேசியப் பூங்காவுக்குள் காரிலோ கூடாரத்திலோ கண்ட இடத்தில் இரவு தங்குவது குற்றம், அபராதமும் உண்டு. சோச்சா கரையில் அனுமதி பெற்ற முகாம்கள் பல உள்ளன. அதைவிடவும் நல்லது பண்ணை வீடுகள். தனி ஆளுக்கும் முழு அறை வாடகை கொடுக்க வேண்டிய ஓட்டல்களைவிட அவை பெரும்பாலும் மலிவு. காலையில் அந்தப் பண்ணையின் தேனும் பாலும் ரொட்டியுடன் மேசைக்கு வரும். உலகத் தேனீ நாளான மே 20, இந்நாட்டுத் தேனீ வளர்ப்பாளர் அன்டோன் யான்ஷாவின் நினைவாகத் தேர்ந்தெடுத்த நாள் என்பதை அந்த மேசையில்தான் எனக்குச் சொன்னார்கள்.

கேள்வி (துபாய்): எனக்கு டிசம்பரில்தான் விடுப்பு. போகலாமா?

போகலாம், ஆனால் இந்தப் பயணத்தை அல்ல. வர்ஷிச் கணவாய் பனிக்காலத்தில் பெரும்பாலும் மூடியிருக்கும். நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை குளிர்காலத்துக்குரிய டயர்களோ பனிச்சங்கிலிகளோ கட்டாயம். பனியில் ஓட்டிப் பழகாதவர் தனியாக மலையேறக் கூடாது. லூப்லியானா, குகைகள், கடற்கரையில் உள்ள பிரான் நகரம் ஆகியவற்றைப் பேருந்திலும் ரயிலிலும் பார்த்துவிட்டு, காரை ஜூனுக்கோ செப்டம்பருக்கோ ஒத்திவையுங்கள்.

கேள்வி (டொராண்டோ): கடைசி நாட்களில் லூப்லியானாவுக்குக் கார் தேவைப்படுமா?

தேவைப்படாது. நகரின் மையப்பகுதி 2007 முதல் படிப்படியாகக் கார்களுக்கு மூடப்பட்டது. ஆகவே நகரத்துக்குள் நுழையும் முன்பே காரை விமான நிலையத்தில் ஒப்படைத்துவிட்டுப் பேருந்தில் வாருங்கள். வாடகையும் நிறுத்தக் கட்டணமும் மிச்சம். ஒப்படைக்கும் முன் டாங்க்கை நிரப்பிவிடுங்கள். நிரப்பிய ரசீதை, ஒப்படைக்கும்போது எடுக்கும் படங்களுடன், வைப்புத்தொகை உங்கள் கணக்குக்குத் திரும்பும் வரை பத்திரமாக வைத்திருங்கள்.